ஒரகடத்திலிருந்து உல்சானுக்கு எத்தனை மணிநேரம்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்ததிலிருந்து நம் பகுதிக்கும் கொரியாவுக்கும் போக்குவரத்து ஓயவில்லை. ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை என்பதால் எனக்கும் அந்தப் பயணம் பழகிவிட்டது. முதல்முறை கிளம்பும் தம்பிகள் எல்லோரும் கேட்பது இதுதான்: "அண்ணே, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?"

இணையத்தில் தேடினால் சென்னையிலிருந்து சியோலின் இன்சியான் விமான நிலையத்துக்குச் சுமார் 5,300 கிலோமீட்டர், ஆறரை மணிநேரம் என்று வரும். அது நேராகப் பறந்தால் ஆகிற கணக்கு. நாம் பெரும்பாலும் எங்காவது இறங்கி ஏறித்தான் போகிறோம். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் தென்கிழக்கே 2,900 கிலோமீட்டர், பிறகு வடக்கே 4,600. ஆக 7,500 கிலோமீட்டர். பறப்பதற்கு மட்டுமே பத்து மணிநேரம். ஹாங்காங் வழியென்றால் மொத்தமே 5,800 கிலோமீட்டர்தான், ஏனென்றால் அந்த ஊர் நம் பாதையை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே ஏழெட்டு மணிநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் குறைந்த தூரத்தால் லாபமில்லை. தூரத்தையும் காத்திருப்பையும் சேர்த்தே பாருங்கள்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். கொரியா நம்மைவிட மூன்றரை மணிநேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழித்தால்தான், வரும்போது கூட்டினால்தான் உண்மையான பயண நேரம் தெரியும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகமான மேல்காற்று திரும்பி வரும் விமானத்துக்கு எதிர்க்காற்று. அதனால் வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வையுங்கள்.

தரைவழிப் பயணத்தைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கார் ஏற்றிய டிரெய்லர்களும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒன்றாக இறங்கிவிட்டால் மீனம்பாக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கொரியாவிலும் இதே கதைதான். ஹூண்டாயின் பெரிய தொழிற்சாலை உல்சானில் இருக்கிறது. இன்சியானில் இறங்கினால் சியோல் போய், அதிவேக ரயில் பிடித்து, நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும். உல்சானுக்குப் பக்கம் பூசானின் கிம்ஹே விமான நிலையம். பாங்காக்கிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் அங்கே நேரடி விமானம் உண்டு. டிக்கெட் போடுபவரிடம் தலைநகரின் பெயரைச் சொல்லாமல் தொழிற்சாலை இருக்கும் ஊரைச் சொல்லுங்கள்.

இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். விலை குறைவென்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

எல்லாம் சேர்த்தால் ஒரகடம் கேட்டிலிருந்து உல்சான் கேட் வரை இருபது மணிநேரத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள் அங்கே காலை 9 மணிக் கூட்டம் என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை 5.30. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் போடச் சொல்லி, கிளம்புவதற்கு முன்பே மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.