பெஞ்சிலிருந்து ஒரு குரல்

கேள்வி: கூடைப்பந்து ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளரைவிட உதவிப் பயிற்சியாளர்தான் அதிகமாகக் கத்துகிறார். நடுவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்?

பதில்: பெரும்பாலும், அவரிடம் பேசாமலேயே! உதவியாளருக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கினால் ஆட்டம் பட்டிமன்றமாகிவிடும். அனுபவமுள்ள நடுவர், ஆட்டம் நின்ற நேரத்தில் நேரே தலைமைப் பயிற்சியாளரிடம் போய், "சார், உங்க பெஞ்சைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பார். அநேகமாக அதோடு அடங்கிவிடும்.

இந்தியாவிலும் நடப்பில் உள்ள ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவியாளர் இருவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் நிற்கலாம். உதவியாளர் தன் வீரர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், தொண்டை அவருடையது. நடுவரிடம் முறையிடும் உரிமை அவருக்கு இல்லை. "இதுகூட ஃபவுல் இல்லையா?" என்ற ஒற்றை முனகலை நடுவர்கள் காதில் வாங்குவதில்லை. அதுவே ஒவ்வொரு விசிலுக்கும் தொடர்ந்தால், அல்லது கையை விரித்துக் கேலி செய்தால், டெக்னிக்கல் ஃபவுல்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபவுல் உதவியாளர் பெயரில் ஏறாது. தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் 'பி' என்று பதிவாகும்; எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ. அப்படி 3 சேர்ந்தால், வாயே திறக்காத தலைமைப் பயிற்சியாளர் வெளியேற வேண்டியதுதான். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் இன்னும் கடுமை: 2 ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கு, தலைமைப் பயிற்சியாளர் மீதி ஆட்டம் முழுக்க உட்கார்ந்தே பயிற்சி தர வேண்டும்.