புகார்க் கடற்கரையும் சென்னைக் கடற்கரையும்: பொழுதுபோக்கு நோக்கில் ஓர் ஒப்பீடு

முன்னுரை

பழனி செல்லும் சாலையில் அமைந்த ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்கள், வழிச்செல்வோர் தங்கும் சத்திரத்தைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன. பிறர் பயணத்திற்கு நிழல் தந்த இவ்வூர்களின் மாணவர்கள் இன்று தாமே கல்விச் சுற்றுலாப் புறப்படுகின்றனர். திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலை கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ளது. கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. ஆகவே சென்னைக்குச் செல்லும் நம் மாணவர் முதலில் நாடுவது மெரினாக் கடற்கரையையே ஆகும்.

ஆயினும் கடற்கரையைக் காண்பது வேறு. காணத் தெரிந்து காண்பது வேறு. பெரியதொரு கடற்கரை நகரின் காட்சிகளையும் பொழுதுபோக்குகளையும் விரித்துரைக்கும் சங்க நூலான பட்டினப்பாலை அதற்குச் சிறந்த வழிகாட்டியாகும். அந்நூல் காட்டும் புகாரையும் இன்றைய சென்னையையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டினப்பாலை

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பட்டினப்பாலையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் சோழன் கரிகாலன். 301 அடிகளைக் கொண்ட இந்நூலில், காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுகிறான். அகப்பொருள் கூற்று இவ்வளவே. எனினும் அப்பட்டினத்தின் அருமையை உணர்த்துவதற்காகப் புலவர் நூலின் பெரும்பகுதியை நகர வருணனைக்கே ஒதுக்கியுள்ளார்.

கடல்வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டைகள், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு, புலி முத்திரை பொறிக்கப்பெற்ற பொதிகள் என அங்காடி வளம் விரிகிறது. பல மொழி பேசும் அயல்நாட்டினர் உள்ளூராரோடு ஒன்றி வாழ்ந்த செய்தியும் இடம்பெறுகிறது. வணிக வளத்தை மட்டும் கூறி அமையாது, அந்நகர மக்கள் ஓய்வுப்பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பதையும் புலவர் கூறியிருப்பது நம் கருத்துக்குரியது.

உழைப்போரின் ஓய்வு

புகாரின் பொழுதுபோக்குகளைக் கூறுமிடத்து உருத்திரங்கண்ணனார் அரசனையோ வணிகனையோ முன்னிறுத்தவில்லை, பரதவரையே முன்னிறுத்துகிறார். முழுமதி நாளில் அவர்கள் கடல்மேற் செல்வதில்லை. சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர்; தாழை மலரைச் சூடுகின்றனர்; மணற்பரப்பில் உண்டு விளையாடுகின்றனர். ஆட்டுக்கிடாய்ச் சண்டையும் சிவற்பறவைச் சண்டையும் நிகழ்கின்றன. வலிமை மிக்க வீரர்கள் தம்முள் பொருகின்றனர். அவர்கள் வீசும் கவண்கல்லுக்கு அஞ்சிப் பறவைகள் பனந்தோப்பை நோக்கிப் பறக்கின்றன.

அடுத்து வருவது நீர் விளையாட்டு. காவிரி கடலொடு கலக்குமிடத்தில் மக்கள் கடலில் நீராடுகின்றனர். உப்பு நீங்க மீண்டும் நன்னீரில் குளிக்கின்றனர். நண்டை ஓடவிட்டு மகிழ்கின்றனர். மணலில் பாவை செய்கின்றனர். மெரினா மணலில் நம் சிறுவர் இன்று ஆடும் விளையாட்டும் இவற்றினின்று வேறன்று. இரவில் மாடங்களில் பாடல் கேட்போரும் நாடகம் காண்போரும் நிலவை நுகர்வோரும் உளர். அவ்வேளையில் கடலிலுள்ள பரதவர், மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனர். நகரம் கடலைப் பார்த்து மகிழ, கடலிலிருப்போர் நகரத்தைப் பார்க்கின்றனர். பார்க்கப்படுவோராக மட்டுமன்றிப் பார்ப்போராகவும் பரதவர் விளங்குதல் இங்கு எண்ணத்தக்கது.

சென்னைக் கடற்கரை உருவான வகை

புகாரின் கடற்கரை ஆறும் கடலும் கூடி அமைத்தது. சென்னைக் கடற்கரையின் இன்றைய அகலமோ மனிதர் கட்டிய சுவரின் விளைவாகும். சென்னைத் துறைமுகப் பணி 1875-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இக்கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலைகளால் நகர்த்தப்படுகிறது. துறைமுகத்தின் கற்சுவர் அம்மணலைத் தடுக்கவே, தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் இட்டார்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே சேரவேண்டிய மணலாகும். எனவே இராயபுரம் முதலான வடபகுதிக் கரைகளைக் கடல் அரித்தது. அலையைத் தடுக்க ஆங்கே கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. ஒரே சுவர் ஒருபுறத்தார்க்கு உலாவுமிடத்தைக் கொடுத்து, மறுபுறத்தாரின் வாழுமிடத்தைக் குறைத்தது. மெரினாவின் பரந்த மணலைக் கண்டு வியக்கும் மாணவர், இராயபுரத்துக் கற்குவியலையும் காணின் பாடம் முழுமையுறும்.

காணத்தக்க இடங்கள்

மெரினாவின் எதிரே 1768-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் மாநிலக் கல்லூரியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அக்கல்லூரியில் 1903 முதல் 1919 வரை தமிழ்ப்பணி ஆற்றியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பட்டினப்பாலை அடங்கிய பத்துப்பாட்டை 1889-இலும், புகாரைப் பாடும் சிலப்பதிகாரத்தை 1892-இலும் அவர் பதிப்பித்தார். கல்லூரி வளாகத்தில் அவருடைய சிலை கடலை நோக்கி நிற்கிறது. புகாரை நமக்கு மீட்டுத் தந்தவர் சென்னைக் கடற்கரையைப் பார்த்து நிற்பது பொருத்தமேயாகும்.

1968-இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஒளவையார், இளங்கோவடிகள், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன் ஆகியோரின் சிலைகளும் கண்ணகி சிலையும் கடற்கரையில் நிறுவப்பெற்றன. 2001-இல் அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006-இல் மீண்டும் வைக்கப்பெற்றது. இச்சிலைகளைக் காண நுழைவுக்கட்டணம் இல்லை. கலங்கரை விளக்கத்தின் மேலேறிக் கரையை முழுமையாகக் காணும் வாய்ப்பு 2013 முதல் பொதுமக்களுக்குக் கிட்டியுள்ளது. 1851-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் காணத்தக்கவை. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை நாளாதலின் பயணத் திட்டத்தில் அதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. புகாரின் கடலாடலை நினைந்து மெரினாவில் நீராட முற்படுதல் கூடாது. இங்குக் கடல் விரைவில் ஆழமாகிறது. உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. குளிக்கத் தடை உள்ளது. கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகிய நம் பகுதி இளைஞர், அப்பழக்கம் கடலுக்குப் போதும் என எண்ணுதல் உயிருக்கே கேடாகும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிலும் பல உயிர்களைக் கொண்டது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கடற்கரை யாருக்கு உரியது?

பட்டினப்பாலை கூறும் உழைப்போர் விடுமுறைக்குச் சென்னைக் கடற்கரையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. மீனவர் குடியில் பிறந்த சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர், 1923 மே 1 அன்று இக்கடற்கரையில் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். இந்தியாவில் கொண்டாடப்பெற்ற முதல் மே நாள் அதுவே. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் இங்கு நிறுவப்பெற்றது. நால்வர் கூடிப் பெரும்பாறையை நகர்த்தும் அச்சிலையின்முன் நிற்கும் மாணவர் இவ்வரலாற்றையும் நினைத்தல் நலம்.

எனினும் இன்று மெரினாவிற்கு வருவோர் பலருக்கு மீனவர் ஒரு காட்சிப்பொருளே ஆவர். படகும் வலையும் நிழற்படத்திற்கு அழகாகத் தோன்றுகின்றன. மீன் விற்கும் கடை மட்டும் சாலைக்கு இடையூறாகத் தோன்றுகிறது. நொச்சிக்குப்பம் வழியாகச் செல்லும் இணைப்புச் சாலையின் ஓரத்தே இருந்த மீன்கடைகளை அகற்றும் நடவடிக்கை, உயர்நீதிமன்றத்தின் ஆணையையொட்டி 2023 ஏப்ரலில் மேற்கொள்ளப்பட்டது. மீனவர் அதனை எதிர்த்துப் போராடினர். பின்னர் 2024-இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பெற்றது. போக்குவரத்தின் தேவையும் மெய்யே; தலைமுறை தலைமுறையாக அம்மணலில் வலை உலர்த்தியோரின் உரிமையும் மெய்யே. இவ்விரண்டையும் எடைபோடும்போது, நெய்தல் நிலத்தின் மக்கள் பரதவர் என்று இலக்கணம் படித்த நாம் அப்பாடத்தைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடலாகாது. கரையின் அழகை நுகர்பவர் விருந்தினர். அக்கரையில் உழைப்பவரே அதன் இல்லத்தார்.

மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்வதற்கென மெரினாவில் மரப்பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்ற அப்பாதை பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. கடற்கரை எல்லார்க்கும் பொது என்னும் எண்ணத்தின் நற்சான்றாக இதனைக் கொள்ளலாம். அவ்வெண்ணம் அங்குத் தொழில் புரிவோரையும் உள்ளடக்கும்போதே நிறைவு பெறும்.

முடிவுரை

புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் கீழையூரில் செங்கல்லாலான பழைய படகுத்துறை வெளிப்பட்டது. 1973-இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. மாடங்களும் அங்காடிகளும் மறைந்துவிட்டன. ஆனால் முழுமதி நாளில் தொழில் நிறுத்தி மணலில் ஆடிய பரதவரின் மகிழ்ச்சி மட்டும் 301 அடிகளுக்குள் அழியாது நிற்கிறது.

எனவே சென்னை செல்லும் மாணவர், நகரின் உயர்ந்த கட்டடங்களை எண்ணிவருவதோடு அமைதல் வேண்டா. விடியற்காலையில் நொச்சிக்குப்பத்துக் கரைக்குச் சென்று, படகு திரும்புவதையும் மீன் ஏலம் போவதையும் பணிக்கு இடையூறின்றிக் காண்பாராக. அவர்களோடு இரண்டு சொல் பேசுவாராக. தோட்டத்துக் காய்கறியை விடியுமுன் சந்தைக்கு ஏற்றி அனுப்பும் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணவர்க்கு, விளைந்த பொருளை விலையாக்கும் அவ்விடியலின் கவலை எளிதில் விளங்கும். அங்ஙனம் விளங்கின் நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணம் பயனுடையதாகும்.