பின் கியர் விழ மறுக்கிறதா?

வரதராஜன்பேட்டையிலிருந்து ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் சைக்கிளில் போய் வருகிறவர்களுக்கு இந்தச் செம்மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முந்திரித் தோப்பு ஓரத்து மண்பாதையில் கோடையில் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் சேறு. பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிளுக்குக் கியர் கிடையாது; அது இதையெல்லாம் தாங்கிவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ ஓட்டிவிட்டுக் கொடுத்த கியர் சைக்கிள்தான் தடுமாறும். பட்டனை அழுத்தினால் நாலு மிதி கழித்து ‘டக்’கென்று கியர் விழும், சில நாள் விழவே விழாது. இதில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே சரிசெய்யக்கூடிய வேலை. பின்னால் ஏழு பல்சக்கரம் உள்ள சாதாரண கியர் சைக்கிளை மனதில் வைத்து இந்தக் குறிப்புகளைச் சொல்கிறேன்.

1. எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று முதலில் பாருங்கள். சைக்கிளைச் சாக்கு விரித்துத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சின்ன சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குச் செயினை ஏற்றுவது உங்கள் விரல் இழுக்கும் ஒயர். பெரியதிலிருந்து சின்னதுக்கு இறக்குவது டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங். பின்சக்கரத்தின் வலப்பக்கம், இரண்டு குட்டிச் சக்கரங்களோடு தொங்குகிறதே, அதுதான் டீரெய்லர். ஏறுவதற்கு மட்டும் தாமதம் என்றால் ஒயர் தளர்ந்திருக்கிறது. இறங்குவதற்கு மட்டும் தாமதம் என்றால் ஒயர் எங்கோ உரசிப் பிடிக்கிறது, அல்லது டீரெய்லரின் மூட்டுகள் அழுக்கில் இறுகியிருக்கின்றன. இரண்டு பக்கமும் தாமதம் என்றால் ஒயரோடு டீரெய்லர் மாட்டியிருக்கும் கொக்கியையும் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

2. டீரெய்லரில் அருகருகே இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும்; ஹெச், எல் என்று எழுத்தும் இருக்கலாம். கியர் விழவில்லை என்றதும் பலர் முதலில் திருகுவது இவற்றைத்தான். தொடவே தொடாதீர்கள். செயின் கடைசிச் சக்கரத்தைத் தாண்டிப் போகாமல் இருபுறமும் தடுக்கும் எல்லை அவை, அவ்வளவுதான். கியர் தாமதத்துக்கும் அவற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. எல் ஸ்க்ரூவை அளவுக்கு மீறித் தளர்த்தினால் ஓடும்போது டீரெய்லர் கம்பிகளுக்குள் மாட்டும். சக்கரம் நின்று ஆள் விழுவார்.

3. சமீபத்தில் பஞ்சர் ஒட்டினீர்களா? பின்சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சு ஒரு பக்கம் முழுசாக உட்காராமல் போனால் பல்சக்கரங்கள் எல்லாமே கோணலாக நிற்கும். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை உள்ளே தள்ளி, நேராக இருக்கிறதா என்று பார்த்து முறுக்குங்கள்.

4. அடுத்தது சுத்தம். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் சாந்து மாதிரி இறுகிவிடும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலையில் போகிறவர்களுக்கு வெள்ளைத் தூசியும் சேரும். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்துச் செயினையும் டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களையும் தேயுங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே பனியன் துணியைக் கயிறு போல முறுக்கிவிட்டு இழுங்கள். அடுப்பு பக்கமே இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் வேகமான தண்ணீரை அடிக்கக் கூடாது. அது பேரிங்குக்குள் மண்ணையும் நீரையும் சேர்த்தே தள்ளும்.

5. காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் போதும். செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு; பெடலைச் சுற்றி ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடிக்க மட்டுமே உதவும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். பைக்கிலிருந்து வடித்த பழைய கறுப்பு ஆயிலும் வேண்டாம். டீரெய்லரின் நான்கு மூட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, கையால் உள்ளே தள்ளி விடுங்கள். தயங்காமல் சட்டென்று திரும்பி வர வேண்டும்.

6. நாள்பட்ட சைக்கிளில் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. சட்டத்திலிருந்து டீரெய்லருக்கு வளைந்து இறங்கும் அந்தக் கடைசித் துண்டு அவுட்டர் (ஒயரை மூடியிருக்கும் உறை). தரைக்கு அருகில் இருப்பதால் சேறு நேராக அதன் மேல்தான் தெறிக்கும். வளைவும் அங்கேதான் அதிகம். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஒயர் துருப்பிடிக்கும். விரல் இழுக்கும் பலத்துக்கு ஒயர் எப்படியோ வந்துவிடும். ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லை. அதனால்தான் சின்ன சக்கரத்துக்கு இறங்கும்போது கியர் தயங்குகிறது.

ஒயரைக் கழற்றாமலே இதைச் சுத்தம் செய்யலாம். பெடலைச் சுற்றி, செயினைப் பெரிய சக்கரத்தில் (முதல் கியர்) நிறுத்துங்கள். பிறகு பெடலைத் தொடாமல் பட்டனை மட்டும் ஏழாவது கியருக்குக் கொண்டுபோங்கள். செயின் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒயர் தொளதொளத்துவிடும். இப்போது சட்டத்தில் பிளவு உள்ள தடுப்பிலிருந்து அவுட்டரை விரலால் எடுத்துவிடலாம். அவுட்டரை நகர்த்தி, அதுவரை மறைந்திருந்த ஒயரைத் துடைத்து, மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவி, திரும்ப மாட்டுங்கள். ஒயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும், துரு ஏறியிருந்தாலும், அவுட்டர் மடிந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை. மாற்றிவிடுங்கள். சைக்கிள் சாமானில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் தருவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

7. அவுட்டர் மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போடக் கூடாது. பிரேக் அவுட்டர் 5 மி.மீ., உள்ளே கம்பி சுருளாக இருக்கும். இழுத்தால் கொஞ்சம் அமுங்கும். கியர் அவுட்டர் 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் ஒரு சக்கரம் என்று அளந்து வைக்கும் முறையை ஷிமானோ நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஓட்டுகிறவரே கையால் நெம்புகோலை நகர்த்திச் சரியான இடம் பார்க்க வேண்டும். கிளிக் வந்த பிறகு அளவு பிசகக் கூடாது. ஏழு கியரில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 5 மி.மீ.; ஒயர் 1 மி.மீ. நகர்ந்தால் டீரெய்லர் ஏறத்தாழ 1.7 மி.மீ. நகரும். அப்படியானால் ஒயரில் 1 மி.மீ. தளர்வு இருந்தாலே செயின் மூன்றில் ஒரு பங்கு தூரம் தவறி நிற்கும்.

8. அந்தத் தளர்வைச் சரிசெய்யத்தான், ஒயர் டீரெய்லருக்குள் நுழையும் இடத்திலோ கைப்பிடிப் பட்டனிலோ ஒரு திருகு உருளை இருக்கிறது. செயினை ஏழாவது கியரில் வைத்து ஒரே ஒரு கிளிக் அழுத்துங்கள். ஆறுக்கு ஏறவில்லை என்றால் உருளையைக் கழன்று வரும் திசையில் அரைச் சுற்று திருகுங்கள், ஒயர் இறுகும். ஏறுகிறது, ஆனால் இறங்க மறுக்கிறது என்றால் உள்ளே போகும் திசையில் அரைச் சுற்று. அரையரையாகத்தான், ஒவ்வொரு தடவையும் பெடலைச் சுற்றிப் பார்த்து. உருளை முழுக்க வெளியே வந்தும் போதவில்லையா? அதை உள்ளே திருகிவிட்டு, ஏழாவது கியரில் வைத்து, டீரெய்லரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஒயரைக் கையால் இழுத்துப் பிடித்து, போல்ட்டை முறுக்குங்கள்.

9. இவ்வளவுக்கும் பிறகு நடுக் கியர்களில் மட்டும் சத்தம் என்றால் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் மாட்டும் கொக்கி வளைந்திருக்கிறது. வலப்பக்கமாக ஒரு தடவை விழுந்தாலே போதும். பேருந்துக் கூரையிலோ மினி வேனிலோ படுக்கவைத்து ஏற்றினால் கியர் பக்கம் மேலே இருக்கட்டும். இரும்புக் கொக்கியை அனுபவமுள்ள கைகள் பக்குவமாக நிமிர்த்திவிடும். அலுமினியம் என்றால் ஒடியலாம், அளவுகோல் உள்ள கடையில் கொடுங்கள்.

10. செயின் தேய்மானத்தை ஒரு இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதே 24 கண்ணி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது துள்ளும். நம் சமவெளியில் எல்லாரும் சின்ன சக்கரங்களிலேயே ஓட்டுவதால் முதலில் தேய்வது அவைதான்.

11. பட்டனை அழுத்தினால் ‘கிளிக்’ சத்தமே இல்லாமல் விரல் சும்மா போகிறதா? நெடுநாள் ஓட்டாமல் கிடந்த சைக்கிளில் பட்டனுக்குள் இருக்கும் கிரீஸ் இறுகிப் பற்கள் கவ்வாமல் போகும். ஒயரைக் கழற்றி, துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்து, ஐம்பது அறுபது தடவை அழுத்திவிடுங்கள். கவ்வத் தொடங்கிய பிறகு ஒரு சொட்டு எண்ணெய்.

12. கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை: 1.2 மி.மீ. கியர் ஒயர், 4 மி.மீ. கியர் அவுட்டர், அதன் முனைக்கான மூடிகள், ஆறு-ஏழு-எட்டு கியருக்கான செயின். கியர் இல்லாத சைக்கிளின் செயின் அகலமானது, ஏழு சக்கரங்களுக்கு இடையே பொருந்தாது. பல்சக்கரத் தொகுதியை மாற்றுவதானால் பழையதன் மிகச் சிறிய, மிகப் பெரிய சக்கரங்களின் பற்களை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். 14-28 என்றோ 14-34 என்றோ வரும். அதே அளவில்தான் வாங்க வேண்டும். அதைக் கழற்றத் தனிக் கருவி உண்டு. உளியும் சுத்தியலும் வைத்து அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.