ஓடை அணையைக் காக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஓக்லஹோமாவில் ஓடை அணைகளைச் சோதிக்கும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது. பெரிய அணைக்குப் போகவில்லையே என்று குறைப்படாதே. வெள்ளத்தை அது பிறக்கும் சிற்றோடையிலேயே மடக்கிப் பிடிக்கும் திட்டத்தின் முதல் அணை, 1948-இல் கார்டெல் ஊருக்கு அருகே கிளவுட் கிரீக் ஓடையில் எழுந்தது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் இப்படி 2,100-க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன.

வெள்ளத்தைத் தாமதப்படுத்துவதே இவற்றின் வேலை. மழைநீர் கரைக்குப் பின்னால் தேங்கி, குழாய் வழியே சில நாட்களில் மெல்ல வடியும். குழாய்க்கு மிஞ்சிய வெள்ளம் புல் வளர்ந்த கலிங்கு வழியாக வெளியேறும். மற்ற நாட்களில் உன் கண்ணில் படுவது ஒரு குட்டையும் புல்மேடும்தான். அந்த அமைதியை நம்பிவிடாதே. போன முறைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று தேடு.

முதலில் கரையின் அடிவாரத்தில் நட. கசிவே இல்லாத மண் அணை அரிது. நீர் தெளிவாக, சீராகக் கசிந்தால் அளந்து எழுதிவை. அளவு திடீரெனக் கூடினாலோ நீர் கலங்கி வந்தாலோ உடனே மேலதிகாரியைக் கூப்பிடு. கரையின் உள்மண் அரிபட்டு வெளியேறிக்கொண்டிருக்கலாம். குழாய் வெளிவரும் இடத்தில் கூடுதல் கவனம் வை. குழாயை ஒட்டிய மண்ணை நன்றாக இறுக்குவது கடினம் என்பதால் நீர் அங்கேதான் வழி தேடும். கரையில் முளைத்த மரக்கன்றையும் விட்டுவைக்காதே. மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்தத் துளை நீருக்கு வழியாகிவிடும்.

பிறகு குட்டையில் வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார். இவற்றில் பல, 50 ஆண்டு வண்டலைத் தாங்கும் கணக்கில் கட்டியவை. அந்தக் காலம் பலவற்றுக்கு முடிந்துவிட்டது.

கடைசியாக, ஓடையோடு கீழே போ. அணை கட்டிய காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இன்று வீடுகள் இருக்கலாம். அணையில் ஒரு பிடி மண்கூட மாறாமலே அதன் ஆபத்து கூடிவிடும். 1977 நவம்பரில் ஜார்ஜியாவின் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை நள்ளிரவுக்குப் பின் உடைந்தது. கீழே கல்லூரி வளாகம். 39 பேர் மாண்டார்கள். அது வெள்ளத்தடுப்பு அணை அல்ல. ஆனாலும் அணைக்குக் கீழே யார் உறங்குகிறார்கள் என்ற கேள்வி நமக்கும் பொதுவானது.

அறிக்கையில் 'கசிவு உள்ளது' என்று மட்டும் எழுதி முடிக்காதே. இடம், அளவு, நிறம், அன்றைய நீர்மட்டம் எல்லாவற்றையும் குறி. நீர்மட்டம் தெரியாமல், கசிவு கூடியதா குறைந்ததா என்று உனக்குப் பின் வருகிறவரால் சொல்ல முடியாது.

ஓடையோரத்தில் குடியிருப்பவர்களில் பலருக்கு மேலே ஓர் அணை இருப்பதே தெரிந்திருக்காது. மழைக்காலத்துக்கு முன்பே போய்க் கதவைத் தட்டு. அணை எங்கே இருக்கிறது, ஆபத்து வந்தால் எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு வா. அதுவும் உன் வேலைதான்.

அன்புடன்,
உன் மூத்த தோழன்