வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?

"டாக்டர், பையனுக்கு மூணு வயசு ஆகப் போகுது. இன்னும் 'அம்மா'ன்னு கூடக் கூப்பிட மாட்டேங்கிறான். நாக்குக்கு ஏதாவது மருந்து குடுங்க!"

சித்த வைத்தியரான என்னிடம் இப்படிக் கேட்டு வரும் தாய்மார்கள் பலர். வருவதற்கு முன்பே வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து, பிள்ளையின் நாக்கில் தேய்த்துப் பார்த்திருப்பார்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வாங்கிய சரக்காயிற்றே!

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பேச்சு பிறப்பது நாக்கில் அல்ல, காதில். நாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது. பேச்சு தாமதமாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான். பிறவியிலேயே உட்செவி பாதிக்கப்பட்ட குழந்தையைக் கேட்க வைக்கும் மருந்து எங்கள் சித்த மருத்துவத்தில் இல்லை. எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவதாலும் பயனில்லை, கெடுதல்தான் வரும்.

இதை நானே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் குழந்தைக்குச் சூரணம், நெய் என்று ஏழெட்டு மாதம் கொடுத்தேன். பிறகுதான் காதுப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றியது. இரண்டு காதும் கேட்கவில்லை! என் மருந்து அவளுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தை யாரால் திருப்பித் தர முடியும்?

ஏன் இந்த அவசரம் என்கிறீர்களா? மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் சில வருடங்களில்தான். அதனால்தான் ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை, பயிற்சி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காது கேட்கும் கருவியோ, காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையோ தேவை என்று டாக்டர் சொன்னால் தயங்காமல் செய்யுங்கள். கூடவே சைகை மொழியையும் கற்றுக்கொடுங்கள். சைகை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

சைகை மொழி என்பது வெறும் கை ஜாடை அல்ல. தனி இலக்கணம் உள்ள முழு மொழி. இதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960-லேயே எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பு, 1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, 'வாய்ப்பேச்சு வழியாகத்தான் பாடம்' என்று தீர்மானித்தது. பல நாட்டுப் பள்ளிகளில் சைகை ஒதுக்கப்பட்டது. 130 வருடம் கழித்து, 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானத்தால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

"சைகை கத்துக்கிட்டு இவன் என்ன ஆகப் போறான்?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு.

வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம், காது கேளாதவர்களுக்காக 1864-ல் தொடங்கிய கல்லூரி. 124 வருடமாக அங்கே தலைவராக இருந்த எல்லோருமே காது கேட்பவர்கள். 1988 மார்ச் 6-ம் தேதி, இறுதிச் சுற்றில் காது கேளாத இருவர் இருந்தும், சைகை மொழி தெரியாத ஒருவரையே நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் பொங்கி எழுந்து கல்லூரி வாசல்களை அடைத்தார்கள். மாணவர் தலைவர் கிரெக் லிபாக்குக்கு வயது 21. அவரும் மூன்று தோழர்களும் முன்னால் நின்றார்கள். டெலிவிஷனில் கேட்ட கேள்விகளுக்கு லிபாக் சைகையிலேயே பதில் சொன்னார். ஒரே வாரம்! மார்ச் 13 அன்று, காது கேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்னின்ற அந்த நால்வரின் பெற்றோரும் காது கேளாதவர்கள். ஆகவே தொட்டிலிலேயே அவர்களுக்குச் சைகை மொழி கிடைத்துவிட்டது. யோசிக்க, வாதாட, நாலு பேரைத் திரட்ட ஒரு மொழி கையில் இருந்தது. தலைமைக் குணம் வானத்திலிருந்து விழவில்லை!

ஆனால் காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அதனால் முதலில் கற்க வேண்டியது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிதான். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது, "என்ன விஷயம்?" என்று அந்தப் பிள்ளை கேட்க, "அப்புறம் சொல்றேன்" என்று நாம் தள்ளிவிடுகிறோமே, அதைவிடத் தனிமை உண்டா?

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் 2015-ல் மத்திய அரசு ஒரு மையம் தொடங்கியது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் வீடியோ உண்டு. காது கேளாத இளைஞர்களையே சைகை மொழி ஆசிரியர்களாக்கும் டிப்ளமோ படிப்பும் உண்டு.

என் மருந்துக்காகக் காத்திருந்த அந்தப் பெண் குழந்தையும் இன்று சிறு பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லித் தருகிறாள். அவள் அம்மா சளைக்காமல் கூடவே கற்றதன் பலன். போன வருடம் காய்ச்சலுக்கு என்னிடம் வந்தவள், "எங்கே வலிக்கிறது?" என்பதற்கான சைகையை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மருந்து வாங்கிக்கொண்டாள்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

* குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால், 'வளர வளர சரியாயிடும்' என்று காத்திராமல் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

* தினம் ஐந்து சைகைகளைக் குடும்பமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பால், தூக்கம், வலி, பயம், பாட்டி... இப்படித் தொடங்கலாம்.

* காது கேளாத பெரியவர்களையும் இளைஞர்களையும் வீட்டுக்கு அழையுங்கள். நாளை தான் எப்படி வளரலாம் என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கட்டும்.

* 'செவிடு', 'ஊமை' என்ற வார்த்தைகளை வீட்டைவிட்டு விரட்டுங்கள்.

வசம்பு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கைகள் பேசத் தொடங்கட்டும்!