கை கால் ஏன் சில்லிடுகிறது? (சீன வைத்தியம் சொல்லும் பாடம்)

கை கால் சில்லென்று இருந்தால் "உடம்புல சூடு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சீன வைத்தியம் அப்படி விடுவதில்லை.

நம்ம பாய்லரையே எடுத்துக்கொள்வோம். குழாயில் சூடு வரவில்லை. ஒன்று, அடுப்பில் நெருப்பு குறைவு. இல்லையென்றால், நெருப்பு இருக்கு. நடுவில் வால்வு மூடிக் கிடக்கு.

முதல் வகை 'யாங்' குறைவு. உடம்பு முழுக்கக் குளிரும், எந்நேரமும் அசதி. இதற்கு 'ஸி நீ தாங்' கஷாயம்: சுக்கு, அதிமதுரம், நாபி இனக் கிழங்கு. கிழங்கு கொடிய விஷம். பக்குவம் தவறினால் இதயமே நிற்கும்.

இரண்டாவது, 'ச்சி' என்னும் உயிரோட்டம் தடைபடுவது. மனக்கவலையும் சேர்ந்திருக்கும், விரல்கள் சில்லிடும். இதற்கு 'ஸி நீ ஸான்' பொடி. இதில் சூட்டு மருந்தே கிடையாது! அடைப்பைத் திறப்பதுதான் வேலை.

இரண்டுமே சுமார் 1800 வருடங்களுக்கு முன், ஹான் வம்சக் காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய நூலில் உள்ளவை.

இன்றைய டாக்டர்களோ ரத்தசோகை, தைராய்டு குறைவு, ரேனாட் நோய் என்று தேடுவார்கள். என் அம்மா கை சில்லிட்டதற்கு வருஷக்கணக்காகச் சுக்குத் தண்ணிதான் குடிச்சாங்க. ரத்தம் சோதித்த பிறகுதான் ரத்தசோகை என்று தெரிந்தது.

நண்பர்களே, மருந்தைத் தேடும் முன் காரணத்தைத் தேடுவோம்!