பெட்டிக்கும் ஓர் அடையாளம்

பூட்டு நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? சாவியும் பத்திரமாக இருக்க வேண்டுமல்லவா? இதை நாங்கள் எங்கள் கணினிக் கூடத்தில் கற்றுக்கொண்டோம்.

அங்குள்ள எல்லாக் கணினிகளின் கம்பிகளும் ஒரு பெட்டியில் வந்து சேர்கின்றன. அதுவே சுவிட்ச். அதன் நலத்தைத் தொலைவிலிருந்தே கேட்டறியவும், மாற்றங்கள் செய்யவும் 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் முறை வந்தது. ஆனால் பல பெட்டிகளில் ‘பப்ளிக்’ என்ற சொல்லே சாவியாக இருந்தது. அதுவும் மறைக்கப்படாமல் கம்பியில் சென்றது. திண்ணையில் சாவியை வைத்துவிட்டு ஊருக்குப் போனது போலத்தான்!

வலைப்பின்னலுக்குள் அயலார் புகுவது வெறும் கதையன்று. 2019-இல் நம் மாநிலத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், அலுவலக வலைப்பின்னலைச் சேர்ந்த ஒரு கணினியில் தீய நிரல் புகுந்தது. நிலையத்தை இயக்கும் வலைப்பின்னல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அறிவித்தார்கள்.

எஸ்.என்.எம்.பி.யின் மூன்றாம் பதிப்பு 2002 டிசம்பரில் முழுத் தரமாயிற்று. இதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ‘எஞ்சின் ஐ.டி.’ என்னும் தனி அடையாளம் உண்டு. நம் கோவை பம்பு மோட்டாரில் எண் பொறித்த தகடு இருப்பதில்லையா, அதுபோல! கடவுச்சொல்லை மாவு என்று கொண்டால், இந்த அடையாளமே முறுக்கு அச்சு. மாவு ஒன்றானாலும் அச்சு மாறினால் முறுக்கு மாறும். அவ்வாறே கடவுச்சொல் ஒன்றானாலும் பெட்டிக்குப் பெட்டி சாவி வேறு. ஒரு பெட்டியின் சாவி களவு போனாலும் மற்றப் பெட்டிகள் தப்பும்.

பயிற்சிக்காக ஆசிரியை எங்களுக்கு ஒரு பழைய சுவிட்சைத் தந்தார். பயனாளர் பெயரைப் பதிந்த பிறகு நாங்கள் அடையாளத்தை மாற்றினோம். அவ்வளவுதான், சரியான கடவுச்சொல்லையும் பெட்டி ஏற்க மறுத்தது! தட்டச்சு செய்த தோழியையே எல்லோரும் குறை கூறினோம். அவள் கண் கலங்கினாள்.

“பிள்ளைகளே, அச்சை மாற்றிவிட்டுப் பழைய முறுக்கைத் தேடலாமா?” என்று ஆசிரியை சிரித்தார். தவறு எங்கள் எல்லோருடையதும் என்று அப்போதுதான் விளங்கியது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். பயனாளரை மீண்டும் பதிந்ததும் கதவு திறந்தது.

நாங்கள் கற்ற முறை இது:

1. ‘பப்ளிக்’ போன்ற பழைய சொற்களை நீக்குக.
2. முதலில் அடையாளத்தை அமைக்க; பிறகே பயனாளரைப் பதிக. ஒரு பெட்டியின் அடையாளத்தை மற்றொன்றுக்கு இடாதீர்.
3. கடவுச்சொல்லில் 8 எழுத்துகளுக்குக் குறையாதிருக்கட்டும்.
4. ஆளைச் சரிபார்த்தல், செய்தியை மறைத்தல் ஆகிய இரண்டையும் இயக்குக.

வரிசை தவறினால் சரியான சாவியும் உதவாது. பிறரைக் குறை சொல்லுமுன் நாம் செய்ததை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக!